துரைமார் படமும் ஏலக்காரர் சுத்தியும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, பிரிட்டிஷ் ஓவியர் ரெனால்ட்ஸ் வரைஞ்ச ஓமாய்ங்கறவரோட படம் 5 கோடி பவுண்டுக்குப் போச்சுன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், இந்தத் தடவை வந்த கேள்வில முக்கால்வாசி அதைப் பத்தியேதான். சரி, இந்த இதழை முழுக்க 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்ட்ரெய்ட்டுக்கே, அதாவது ஆளை உக்கார வச்சு வரையற படத்துக்கே, குடுத்துடலாம். சினிமா கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கோவிச்சுக்காம இருங்க.

கே: 5 கோடி பவுண்டுன்னா நம்ம காசுக்கு 500 கோடி சார். ஒரு ஆள் சும்மா நிக்கிற படத்துக்கு 500 கோடியா? அப்படி என்னதான் இருக்கு அதுல? – வாசகர், திருச்சி

ப: முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், அந்த 5 கோடி ஏலத்துல யாரும் கையத் தூக்கிக் கேட்ட விலை இல்ல. அது கடைசியா ஏலத்துக்கு வந்தது 2001 நவம்பர்ல, லண்டன் சாதபிஸ் ஏலக் கம்பெனியில, அன்னைக்கு போன விலை 1 கோடியே 3 லட்சம் பவுண்ட். அதுவே கம்பெனி முன்கூட்டி யூகிச்ச எஸ்டிமேட்டைத் தாண்டின விலை, பேப்பர்லாம் எழுதினாங்க. வாங்கினது அயர்லாந்துல குதிரைப் பண்ணை நடத்துற ஜான் மேக்னியர். 5 கோடிங்கறது அதுக்கப்புறம் 20 வருஷம் கழிச்சு, படத்தை நாட்டை விட்டு வெளிய கொண்டுபோக லைசென்ஸ் கேட்டப்ப வந்த மதிப்பு. ரெண்டு பேர் போட்டி போட்டு ஏத்தின விலைக்கும் காகிதத்துல எழுதின மதிப்புக்கும் வித்தியாசம் இருக்குங்கறது என் கட்சி, ஆனா அந்த மதிப்பைக் கொடுத்துதான் வாங்கினாங்க, அதையும் சொல்லணும்.

என்ன இருக்கு அதுலன்னு கேட்டீங்க. படத்துல இருக்கற ஓமாயோட நிஜப் பேரு மாய். பசிபிக் கடல்ல ராயாத்தேயான்னு ஒரு தீவு, அங்க பிறந்தவர். பக்கத்து போரா போரா தீவுக்காரங்க படையெடுத்து வந்து சொத்தைப் புடுங்கிக்க, தஹிதிக்கு ஓடி வந்தார், அங்கிருந்து பக்கத்துத் தீவு ஹுவாஹினேக்கு. 1773ல கேப்டன் குக்கோட ரெண்டாவது பயணத்துல கூட வந்த அட்வென்சர் கப்பல்ல ஏறி அடுத்த வருஷம் லண்டன் போய்ச் சேர்ந்தார். மூணாம் ஜார்ஜ் ராஜாவைப் பார்த்தார், அம்மைக்குத் தடுப்பு குத்திக்கிட்டார், இயற்கை விஞ்ஞானி ஜோசஃப் பேங்க்ஸ் கூட்டிட்டுப் போன பெரிய வீட்டு விருந்துகள்லாம் சாப்பிட்டார். லண்டன்காரங்களுக்கு அவர் ஒரு காட்சிப்பொருள், அவர் மனசுல இருந்ததோ துப்பாக்கியோட திரும்பிப் போய் போரா போராக்காரங்களை ஒரு கை பார்க்கணும்ங்கறது. படத்துல அதெல்லாம் தெரியாது. வெள்ளைத் துணியை டோகா மாதிரி சுத்திக்கிட்டு, தலைப்பாகை, வெறுங்கால், கையில பச்சை குத்தின புள்ளி, ரோமாபுரிச் சிலை மாதிரி நிக்கிறார். ஆளைவிட உசரமான கேன்வாஸ், கிட்டத்தட்ட ஏழே முக்கால் அடி. பிரபுவுக்கும் டியூக்குக்கும் மட்டும் வரையற அந்தப் பாணியில ஒரு பசிபிக் தீவுக்காரரை 1776ல லண்டன் ஓவியருங்க அமைப்பான ராயல் அகாடமி சுவத்துல ரெனால்ட்ஸ் மாட்டினார் பாருங்க, அதுக்குத்தான் காசு. அந்த வருஷத்துல அதே மாதிரி மரியாதையோட வரைஞ்ச வெள்ளைக்காரர் அல்லாத ஆள் படம் எத்தனை இருக்கும்னு நினைக்கிறீங்க?

இன்னொண்ணு, இது யாரும் ஆர்டர் குடுத்து வரைஞ்ச படம் இல்ல. ரெனால்ட்ஸ் சாகிற வரைக்கும் தன் ஸ்டூடியோவுலயே வச்சிருந்தார். 1792ல அவர் செத்து, 1796ல ஸ்டூடியோ சாமானையெல்லாம் ஏலம் விட்டப்ப இது 100 கினிக்கு, அதாவது 105 பவுண்டுக்குப் போச்சு. அப்புறம் கார்லைல் பிரபு வாங்கி யார்க்ஷயர்ல தன் மாளிகையான காசில் ஹோவர்ட்ல மாட்டினார், 2001 வரைக்கும் அந்த குடும்பத்துலயே இருந்துச்சு. ஓவியர் கையில இருந்து ஏலம், ஏலத்துல இருந்து ஒரே வீடு, இப்படி சங்கிலி அறாம வந்த படத்துக்கு மவுசு ஜாஸ்தி.

மாய் என்ன ஆனார்னு கேட்டு ஒரு பாப்பா தனியா எழுதியிருக்கு. 1776லயே குக் கூட திரும்பிப் போனார், குக் 1777ல ஹுவாஹினேலயே ஒரு வீடு கட்டிக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார், கொஞ்ச வருஷத்துலயே மாய் இறந்துட்டார். தன் படம் 100 கினிக்குப் போனதுகூட அவருக்குத் தெரியாது.

கே: காசு குடுத்து வாங்கினவன் தன் படத்தை எங்க வேணா கொண்டு போகட்டுமே, கவர்மெண்ட் எப்படி தடுக்கலாம்? – வாசகர், கோவை

ப: மொத்தமா தடுக்க மாட்டாங்க, தள்ளிப்போடுவாங்க. பிரிட்டன்ல பழைய, விலை உசந்த படத்தை வெளிய அனுப்பணும்னா லைசென்ஸ் வேணும். நிபுணர் கமிட்டி ஒண்ணு உக்காந்து மூணு கேள்வி கேக்கும்: நாட்டு சரித்திரத்தோட ஒட்டினதா, அழகுல உசத்தியா, ஆராய்ச்சிக்கு முக்கியமா. 1952ல வேவர்லி பிரபு தலைமையில ஒரு கமிட்டி வகுத்த கேள்விங்க, அதனால அவர் பேர்லயே சொல்லுவாங்க. ஒண்ணுக்காவது ஆமான்னா, மந்திரி லைசென்ஸை சில மாசம் நிறுத்தி வைக்கலாம், அதுக்குள்ள உள்நாட்டு மியூசியம் எதாவது அதே விலையைத் திரட்டி வாங்கிக்க முன்வரலாம். ஆனா அப்பல்லாம் விக்கிறதும் விக்காததும் ஓனர் இஷ்டமா இருந்துச்சு. ஓமாய் விஷயத்துல அதுதான் நடந்துச்சு, டேட் மியூசியம் ஒரு கொடையாளர் புண்ணியத்துல 1.25 கோடி பவுண்டோட போய் நின்னுச்சு, மேக்னியர் தரமாட்டேன்னுட்டார். அவர் விக்கலை, அவங்க லைசென்ஸ் தரலை, படம் ரொம்ப வருஷம் யார் கண்ணுலயும் படாம கிடந்துச்சு, நடுவுல டப்ளின் நேஷனல் கேலரியில சில வருஷம் தற்காலிகமா மாட்டியிருந்தாங்க.

2022ல மறுபடி லைசென்ஸ் கேட்டாங்க, மறுபடி நிறுத்தி வச்சாங்க, இந்தத் தடவை லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி வசூல்ல இறங்குச்சு. லாட்டரி காசு, அறக்கட்டளை, சாதாரண ஜனங்க குடுத்ததுன்னு எல்லாம் சேர்த்தும் பாதிதான் தேறுச்சு, மீதி பாதியை கலிஃபோர்னியாவுல இருக்கற கெட்டி மியூசியம் போட, 2023ல ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினாங்க. சில வருஷம் இங்க சில வருஷம் அங்கன்னு முறை வச்சுக் காட்டுவாங்க. கூட்டு வாங்கறது புதுசும் இல்ல, இதே மாய் பேங்க்ஸ் கூட நிக்கிற மாதிரி வில்லியம் பாரி வரைஞ்ச படத்தை 2003லயே மூணு மியூசியம் சேர்ந்துதான் வாங்குச்சு.

கே: அந்தக் காலத்துல இப்படி படம் வரைஞ்சுக்க எவ்வளவு ஆகும்? மூஞ்சி மட்டும் வரைஞ்சா கம்மியாமே, நிஜமா? – வாசகி, மதுரை

ப: நிஜம்தான்மா, அளவு வச்சுத்தான் ரேட். தலையும் தோளும் மட்டும்னா 30க்கு 25 இன்ச் கேன்வாஸ். கொஞ்சம் இறக்கி ஒரு கையும் தெரியணும்னா 36க்கு 28, அதுக்குப் பேரு கிட்கேட், சாக்லேட் இல்ல, ஒரு கிளப் பேரு. முட்டி வரைக்கும்னா 50க்கு 40. தலையில இருந்து செருப்பு வரைக்கும் முழு உருவம்னா 94க்கு 58 இன்ச். 1760கள் நடுவுல ரெனால்ட்ஸ் வாங்கினது தலைக்கு 30 கினி, முட்டி அளவுக்கு 70, முழு உருவத்துக்கு 150. 1782 வாக்குல 50, 100, 200 ஆயிடுச்சு. கினின்னா ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். டாக்டர், வக்கீல், ஓவியர் மாதிரி கௌரவமான ஆளுங்க ஃபீஸை கினியிலதான் சொல்லுவாங்க, ஏலக்கடையிலயும் ரொம்ப காலம் அதே கணக்குதான். பாதிக் காசு ஓவியர் முன்னாடி உக்கார்ற முதல் சிட்டிங்லயே வச்சுடணும்.

அந்தக் காசுக்கு அவரே முழுசா வரைவாரான்னா அதுவும் கிடையாது. முகத்தை மாஸ்டர் போடுவார், பட்டு, லேஸ், திரைச்சீலையெல்லாம் வேற ஆள். துணி மட்டும் வரையறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க, ரெனால்ட்ஸுக்கு பீட்டர் டாம்ஸ். அதுக்கு முந்தின தலைமுறையில ஜோசஃப் வான் ஆகென்னு ஒருத்தர், லண்டன்ல பாதி ஓவியருக்கு அவர்தான் துணி வரைவார், அதனால அந்த காலத்துப் படத்துல வேற வேற ஓவியர், வேற வேற சீமாட்டி, பட்டு மட்டும் ஒரே கைன்னு இருக்கும். அதே காலத்து இன்னொரு பெரிய ஓவியர் கெயின்ஸ்பரோ இதுல வித்தியாசமான ஆள், துணியையும் பெரும்பாலும் தானே வரைவார், மெழுகுவத்தி வெளிச்சத்துல தூரிகையை சரசரன்னு ஓட்டி அந்தப் பட்டு மினுங்கறது இருக்கே, கிட்டப் போய் பார்த்தா வெறும் கிறுக்கல், நாலு அடி தள்ளி வந்தா துணி. என்னைக் கேட்டா ரெனால்ட்ஸைவிட ஒரு படி மேல வைப்பேன், சண்டைக்கு வராதீங்க.

கே: ரெனால்ட்ஸ் படங்கள்ல முகமெல்லாம் ஏன் ரத்தமே இல்லாம வெளிறிக் கிடக்கு? அந்தக் கால அழகா? – வாசகி, ஈரோடு

ப: அழகு இல்ல, சாயம் போயிடுச்சு. கன்னத்துக்கும் உதட்டுக்கும் அவர் போட்ட சிவப்பு கார்மைன் சாயம் வெளிச்சம் பட்டா மங்கிப்போற சாதி. அது தெரிஞ்சும் விடலை. அதோட மெழுகு, பிசின், தாரு மாதிரி ஒரு வஸ்துன்னு கண்டதையும் கலந்து பரிசோதனை பண்ணுவார், அதனால சில படம் அவர் உசுரோட இருக்கறப்பவே வெடிச்சு உரிஞ்சுது. ஹொரஸ் வால்போல்னு ஒரு குசும்புக்காரர், ரெனால்ட்ஸுக்கு மொத்தமா காசு குடுக்கக் கூடாது, படம் நிலைக்கிற வரைக்கும் வருஷா வருஷம் குடுக்கணும்னு கிண்டலடிச்சிருக்கார். ஏலத்துல ரெனால்ட்ஸ் படம் வந்தா விஷயம் தெரிஞ்சவங்க படம் என்ன நிலைமையில இருக்குன்னு சொல்ற கண்டிஷன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படிச்சுட்டுத்தான் சீட்டுல உக்காருவாங்க.

கே: ஏலக் கேட்டலாக் ஒண்ணை நெட்ல பார்த்தேன். கெயின்ஸ்பரோன்னு பேரு இருக்கு, விலை 2000 பவுண்டுதான். ஏமாத்து வேலையா அண்ணே? – வாசகர், சேலம்

ப: ஏமாத்து இல்ல தம்பி, நீங்க பேருக்கு முன்னாடி இருக்கற வார்த்தையைப் படிக்கல. முழுப் பேரு மட்டும் தனியா போட்டிருந்தா, அது அவரே வரைஞ்சதுன்னு கம்பெனி சொல்லுது. 'அட்ரிபியூட்டட் டு'ன்னு இருந்தா அவராத்தான் இருக்கும்னு நினைக்கிறோம், சத்தியம் பண்ண மாட்டோம்னு அர்த்தம். 'ஸ்டூடியோ ஆஃப்'னா அவர் பட்டறையில வேற ஆள் கை, ஒருவேளை அவர் மேற்பார்வையில. 'சர்க்கிள் ஆஃப்'னா அவர் காலத்துல அவர் செல்வாக்குல வரைஞ்ச யாரோ. 'ஃபாலோயர் ஆஃப்'னா அவர் பாணியில வரைஞ்சவர், சிஷ்யரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 'மேனர் ஆஃப்'னா பாணி மட்டும், காலமே பிந்தினது. 'ஆஃப்டர்'னா சுத்தமா காப்பி. நீங்க பார்த்தது அநேகமா கடைசி ரெண்டு மூணுல ஒண்ணா இருக்கும். ஒரே முகம், ஒரே சட்டை, அந்த ஒரு வார்த்தை மாறினா விலையில சைபர் ரெண்டு மூணு கழண்டுடும்.

இதுல ஆசை காட்டற இடமும் ஒண்ணு இருக்கு. அழுக்கு வார்னிஷுக்கு அடியில நிஜ ரெனால்ட்ஸ் இருந்து, கம்பெனி தெரியாம 'சர்க்கிள் ஆஃப்'னு போட்டுட்டா, கண்ணு உள்ள வியாபாரி அமைதியா வாங்கிட்டுப் போய், சுத்தம் பண்ணி, ரெனால்ட்ஸோட சிட்டிங் டைரியில அந்தப் பேரு இருக்கான்னு தேடுவான். அவர் யாரு என்னைக்கு எத்தனை மணிக்கு வந்து உக்காந்தாங்கன்னு பாக்கெட் புக்ல குறிச்சு வச்ச ஆளு, அதுல நெறைய இன்னும் இருக்கு. ஆனா இப்பல்லாம் போட்டோ நெட்ல வந்த அன்னைக்கே உலகம் பூரா அந்த கண்ணுள்ளவன் எல்லாரும் பார்த்துடறான், 'சர்க்கிள் ஆஃப்'னு போட்ட படம் எஸ்டிமேட்டைப் போல இருபது மடங்குக்குப் போனா புரிஞ்சுக்கங்க, உள்ள ரெண்டு பேராவது எதையோ பார்த்திருக்காங்க.

கே: எஸ்டிமேட், ரிசர்வ், ஹேமர் பிரைஸ், பிரீமியம்... ஒரு படத்துக்கு எத்தனை விலைதான்? – வாசகர், விருதுநகர்

ப: எஸ்டிமேட் கம்பெனி யூகிக்கிற விலை. ரிசர்வ் இதுக்குக் கீழ விக்காதேன்னு ஓனர் சொன்ன ரகசிய விலை, வழக்கமா கீழ் எஸ்டிமேட்டுக்கு மேல போகாது. சுத்தியல் தட்டின விலை ஹேமர். அதுக்கு மேல வாங்கறவர் குடுக்கறது பிரீமியம், நகைக்கடையில தங்க ரேட்டுக்கு மேல செய்கூலி சேதாரம் போடற மாதிரின்னு வச்சுக்கங்க. 1975ல லண்டன்ல 10 பர்சன்ட்டோட ஆரம்பிச்சாங்க, இப்ப பெரிய கம்பெனிங்கள்ல கால் பங்கை ஒட்டி நிக்குது. பேப்பர்ல வர்ற விலை பெரும்பாலும் பிரீமியம் சேர்த்தது, எஸ்டிமேட்டு சேர்க்காதது, அதனால எஸ்டிமேட்டைத் தாண்டிப் போச்சுங்கற செய்தியில பாதி இந்தக் கணக்குதான்.

கே: ஏலத்துல வாங்கின படத்தை ஒருத்தன் திருடி 25 வருஷம் வச்சிருந்தானாமே, கதையா நிஜமா? – வாசகர், நாகர்கோவில்

ப: நிஜம், அதுவும் சினிமாவை மிஞ்சற நிஜம். கெயின்ஸ்பரோ வரைஞ்ச டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா, பெரிய கறுப்புத் தொப்பி போட்ட படம். இது எப்படியோ டியூக் குடும்பத்துக் கையை விட்டுப் போய், 1830கள்ல ஒரு வயசான ஸ்கூல் டீச்சரம்மா வீட்டுல கிடந்துச்சு. அந்தம்மா தன் வீட்டு கணப்பு அடுப்புக்கு மேல மாட்ட இடம் பத்தலைன்னு காலுப் பக்கத்தை வெட்டிட்டாங்க, முழு உருவப் படம் முக்கால் உருவம் ஆயிடுச்சு. ஒரு வியாபாரி 56 பவுண்டுக்கு வாங்க, அப்புறம் வின் எல்லிஸ்னு ஒரு பணக்காரர்கிட்ட போய், அவர் செத்ததும் 1876 மே மாசம் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்துச்சு. 10,100 கினி. அதுவரைக்கும் ஏலத்துல எந்தப் படமும் அந்த விலைக்குப் போனதில்ல. வாங்கின ஓவிய வியாபாரி அக்னியூ கம்பெனி லண்டன் பாண்ட் ஸ்ட்ரீட்ல தங்கள் கேலரியில வச்சு டிக்கெட் போட்டுக் காட்டினாங்க, கூட்டம் அலைமோதுச்சு. மூணு வாரம்கூட முடியல, ஒரு ராத்திரி ஜன்னல் வழியா வந்து ஃப்ரேமை விட்டு வெட்டி உருவிட்டுப் போயிட்டான்.

ஆடம் வொர்த்னு அமெரிக்கத் திருடன். காசுக்காக ஆரம்பிக்கலை, ஜெயில்ல இருந்த தன் தம்பியை வெளிய எடுக்க அக்னியூவை மடக்கலாம்னு திருடினான், படத்தைப் பேசி முடிக்கறதுக்குள்ள தம்பி வேற வழியில வெளிய வந்துட்டான். இப்ப கையில உலகமே தேடற படம், விக்கவும் முடியாது, வச்சுக்கவும் பயம். கடைசியில 1901ல சிகாகோவுல பிங்கர்டன் டிடெக்டிவ் கம்பெனி மூலமா காசுக்குத் திருப்பிக் குடுத்தான், வாங்கினது பேங்கர் ஜே.பி.மார்கன். விசேஷம் என்னன்னா 1994ல அதே படம் சாதபிஸ்ல மறுபடி ஏலத்துக்கு வந்து, டெவன்ஷயர் டியூக்கே சுமார் 2.65 லட்சம் பவுண்டுக்கு வாங்கி சாட்ஸ்வொர்த் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டார். உலக ரெகார்ட் வச்ச படம் இவ்வளவு மலிவான்னு கேப்பீங்க. வெட்டுப்பட்டது, பழுது பார்த்து பார்த்து மேல பூச்சு ஏறினது, முழுக்க கெயின்ஸ்பரோ கைதானான்னு கொஞ்சப் பேருக்கு சந்தேகம் வேற. 2011ல கிறிஸ்டீஸ்ல அவரோட மிஸ் ரீட் படம், அவ்வளவு பிரபலம் இல்லாத பொண்ணு, ஆனா நல்லா இருந்த படம், 65 லட்சம் பவுண்டுக்குப் போச்சு.

கே: 1920கள்ல அமெரிக்காக்காரங்க இதையெல்லாம் அள்ளிட்டுப் போனாங்களாமே? – வாசகர், புதுச்சேரி

ப: ஜோசஃப் டுவீன்னு ஒரு வியாபாரி, பிரிட்டிஷ் பிரபுங்ககிட்ட படம் இருக்கு, அமெரிக்க முதலாளிங்ககிட்ட காசு இருக்குன்னு கண்டுபிடிச்சு ரெண்டையும் முடிச்சுப் போட்டார். கெயின்ஸ்பரோவோட நீலச் சட்டைப் பையன் 1921ல ரயில்ரோடு முதலாளி ஹண்டிங்டனுக்குப் போச்சு, கிளம்பறதுக்கு முன்னாடி லண்டன்ல கடைசியா வச்சப்ப 90,000 பேர் வந்து பார்த்தாங்க. 1926ல தாமஸ் லாரன்ஸ் வரைஞ்ச 'பிங்க்கி'ங்கற படம் கிறிஸ்டீஸ்ல 74,000 கினி, அதுவும் டுவீன் வழியா அதே ஹண்டிங்டன் வீட்டுக்கு. பிங்க்கி ஜமைக்காவுல பிறந்த பொண்ணு, 12 வயசுலயே செத்துப்போச்சு, குடும்பத்து சொத்து கரும்புத் தோட்டமும் அதுல உழைச்ச அடிமைகளும். அந்த ரிப்பனையும் மேகத்தையும் பார்க்கறப்ப அதையும் சேர்த்துப் பார்க்கணும்னு நினைக்கிற ஆளு நான், நிறைய கேட்டலாக்ல இப்பல்லாம் அதையும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. 1929க்கு அப்புறம் மார்க்கெட் விழுந்துச்சு, ராம்னி மாதிரி ஓவியருங்க பட விலை அதுக்கப்புறம் பழைய உசரத்துக்கு எழுந்திரிக்கவே இல்ல.

கே: இவங்கள்ல யாராவது மெட்ராஸ் பக்கம் வந்தாங்களா? – வாசகி, சென்னை

ப: ரெனால்ட்ஸும் கெயின்ஸ்பரோவும் வரலை, அவங்களுக்கு லண்டன்லயே கூட்டம். அடுத்த வரிசை ஆளுங்க வந்தாங்க. டில்லி கெட்டில்ங்கற ஓவியர் 1769ல மெட்ராஸ் வந்து இறங்கி ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை வரைஞ்சார், அப்புறம் வடக்க அவத் நவாப்கிட்ட போயிட்டார். 1774ல ஜார்ஜ் வில்லிசன் வந்தார், அவருக்கும் நவாப்தான் பெரிய கஸ்டமர், ஊர் திரும்பறப்ப பணக்காரரா போனார். நவாப்புக்குத் தலைக்கு மேல கடன், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க கடன் குடுத்தே அவரை முழுங்கிட்டு இருந்தாங்க, ஆனா முத்துமாலையும் வாளுமா முழு உருவத்துல நிக்கறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. ஒருவகையில அவர் புத்திசாலி, நானும் ஒரு ராஜாதான்னு சொல்ல அவருக்கு இருந்த வழி அதுதான். தாமஸ் ஹிக்கி கடைசி வரைக்கும் மெட்ராஸ்லயே இருந்து 1824ல இங்கயே இறந்தார். கோட்டை மியூசியத்துல இந்த மாதிரி நவாப், கவர்னர் படமெல்லாம் மாட்டியிருக்கு, டிக்கெட் எடுத்து ஒரு தடவை போய்ப் பாருங்க.

கே: எங்க தாத்தா எஸ்டேட் பங்களாவோட சேர்த்து வாங்கின ஒரு துரை படம் இருக்கு, விக் வச்சு சிவப்புக் கோட்டு போட்டிருக்கார். லண்டன்ல ஏலத்துக்கு அனுப்பலாமா? – வாசகர், கோத்தகிரி

ப: அனுப்பறதுக்கு முன்னாடி நிறுத்துங்க. 1972ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி நம்ம நாட்டுல 100 வருஷம் தாண்டின ஓவியம் தொல்பொருள் கணக்கு, தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வரைஞ்சது வெள்ளைக்காரனா இருந்தாலும் அதே சட்டம்தான், பார்சல்ல போட்டு மாட்டிக்காதீங்க. நிஜமா பழசா, இல்ல பின்னாடி வந்த காப்பியான்னு தொல்லியல் துறையில காட்டி எழுத்துல வாங்கறதுதான் முதல் வேலை, உள்நாட்டுல விக்கறதெல்லாம் அதுக்கப்புறம்.

முன்பக்கத்தைவிட பின்பக்கம்தான் நிறைய பேசும். படத்தைத் திருப்பி மரச்சட்டம், ஆணி, கேன்வாஸ் நெசவு, ஏதாவது லேபிள் ஒட்டியிருக்கா, கறுப்பு மையில நம்பர் அச்சு இருக்கான்னு பாருங்க, கிறிஸ்டீஸ் வழியா போன படம்னா சட்டத்துல அந்த மாதிரி ஸ்டென்சில் நம்பர் இருக்கும், அதை வச்சு எந்த ஏலம்னே தேடிடலாம். எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க. தயவுபண்ணி ஈரத்துணியால துடைக்காதீங்க, யாரோ சொன்னாங்கன்னு உருளைக்கிழங்கு வெட்டித் தேய்க்கறது, எண்ணெய் தடவறது எதுவும் வேண்டாம்.